பெயரற்றவனுக்குப் பெயர் சூட்டாதீர்

ஒரு படைப்பு சொல்ல மறுத்த ஒன்றை, அதன்மீது அன்பு கொண்டவர்களே கூடிநின்று அதன் வாயிலிருந்து பிடுங்க முயல்வதை வாசிப்பு என்று நாங்கள் ஒப்புக்கொள்வதில்லை. ‘பிளேன்ஸ்கேப்: டார்மென்ட்’ என்னும் கணினி விளையாட்டின் சாகாத நாயகனைச் சுற்றிக் கால் நூற்றாண்டாக முளைத்துவரும் ஊகங்களை மனத்தில் வைத்தே இதைச் சொல்கிறோம். அவனுடைய உண்மைப் பெயர் என்ன? அவன் செய்த முதற்குற்றம் யாது? ரசிகர்களின் ஊகங்களில் பெரும்பாலானவை இவ்விரண்டு வினாக்களையே சுற்றிவருகின்றன. இரண்டும் தவறான வினாக்கள் என்பதும், அவற்றைத் துரத்துகிறவர்கள் படைப்பு கண்ணெதிரே கிடத்தியிருக்கும் பிணங்களைத் தாண்டிக்கொண்டு ஓடுகிறார்கள் என்பதும் எங்கள் கட்சி.

இலக்கியம் பேசும் இடத்தில் கணினி விளையாட்டுக்கு என்ன வேலை என்று முகம் சுளிக்கும் வாசகர்களுக்கு ஒரு சொல். 1999 டிசம்பரில் பிளாக் ஐல் நிறுவனம் உருவாக்கி, இன்டர்பிளே வெளியிட்ட ஆட்டம் இது. கிறிஸ் அவெலோன் தலைமை வடிவமைப்பாளர். காலின் மெக்கோம்ப் முதலியோர் உடன் எழுதினர். இதில் வாள்வீச்சை விட வாசிப்பே மிகுதி. அதன் பிரதி சுமார் 8 லட்சம் சொற்கள் என்று கணக்கிடப்படுகிறது. நம் தடித்த நாவல்கள் சிலவற்றை அடுக்கிவைத்தால் வரும் அளவு. அதை முடித்தவர்கள் ஆடி முடித்தோம் என்பதை விட, படித்து முடித்தோம் என்று சொல்வதே பொருந்தும். ஆகவே அதைப் பிரதியாக எடுத்துக்கொண்டு பேசுவதில் எங்களுக்குக் கூச்சமில்லை.

கதையின் அடிப்படை இது. பல உலகங்களின் வாயில்கள் திறக்கும் சிகில் என்னும் நகரத்தின் பிணக்கிடங்கில், உடலெங்கும் தழும்புகளோடு ஒருவன் கண்விழிக்கிறான். தன் பெயர் அவனுக்கு நினைவில்லை. அவன் சாவதும் இல்லை. அல்லது செத்துச் செத்து எழுகிறான். பல மரணங்களின்போது நினைவு அழிந்து, அதே உடலில் புதிய ஒருவன் விழித்துக்கொள்கிறான். இவ்வாறு விழித்தவர்களைப் ‘பிறவிகள்’ என்கிறது ஆட்டம். முன்னொரு காலத்தில் ரேவல் என்னும் சூனியக்காரி, அவன் கேட்டுக்கொண்டபடி, அவனுடைய சாகும் தன்மையை அவனிடமிருந்து பிரித்தெடுத்துவிட்டாள். ஒரே வாழ்நாளில் கழுவிவிட முடியாத ஏதோ ஒரு குற்றத்தை முதற்பிறவியில் அவன் செய்திருந்தான். பரிகாரம் செய்யக் காலம் போதாது என்றே சாகாமையை வேண்டினான். ஆனால் சாகாமை கிடைத்த கையோடு நினைவு போயிற்று. எதற்காகக் காலம் வேண்டினானோ அதையே மறந்தான்.

இறுதியில் முதற்பிறவியை அவன் நேருக்கு நேர் சந்திக்கும் இடம் உண்டு. சாந்தமும் துயரமும் உருவான அந்த முதல்வன் குற்றத்தின் பாரத்தை உணர்த்துகிறான். குற்றம் இன்னதென்று சொல்வதில்லை. பெயரும் அப்படியே. கதையின் தொடக்கத்தில் எவனோ ஒரு கிழவன் பித்துப்பிடித்துத் தேடும் வெண்கல உருண்டை ஒன்று, முடிவில் நாயகனுக்கு அவன் பெயரைத் திருப்பித் தருகிறது. அவன் அறிகிறான், நமக்குச் சொல்லப்படுவதில்லை.

இங்கேதான் ஊகக்காரர்கள் நுழைகிறார்கள். ‘அடான்’ என்பதே அவனுடைய மெய்ப்பெயர் என்கிறது ஒரு தரப்பு. பல்லுலக வரலாற்றில் புகழ்பெற்ற யாரோ ஒருவரின் மறைவடிவமே அவன் என்கிறது இன்னொரு தரப்பு. நரகவாசிகளின் இரண்டு இனங்கள் முடிவின்றி நிகழ்த்தும் குருதிப்போரோடு அவன் குற்றத்தை முடிச்சுப் போடுகிறது மற்றொன்று. உரையாடல்களின் மூலை முடுக்குகளிலிருந்து அரைவரி, கால்வரி எனப் பொறுக்கி எடுத்துச் சான்று காட்டுகிறார்கள். உழைப்பை நாங்கள் குறை கூறவில்லை. அது எதை நோக்கிச் செல்கிறது என்பதே எங்கள் கேள்வி.

‘அடான்’ என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். யாரேனும் பெயர் கேட்டால் நாயகன் சொல்லக்கூடிய பொய்ப்பெயர் அது. அந்தப் பொய்யைப் போதிய அளவு பேரிடம் சொல்லிவிட்டால், அடான் என்றே ஒருவன் உண்டாகி, சிகில் நகரத்து மதுக்கடையில் வந்து உட்கார்ந்திருப்பான்! நம்பிக்கையே பொருளாகத் திரளும் உலகம் அது. பல வாய்கள் ஒரு பெயரைத் திரும்பத் திரும்பச் சொன்னால் அப்பெயருக்கு ஓர் உடல் முளைக்கும்; ஆனால் அவ்வுடல் நாயகனுடையது அன்று. ஊகக்காரர்களின் தொழில் முழுவதையும் அவர்கள் பிறப்பதற்கு முன்பே ஆட்டம் இப்படி நையாண்டி செய்துவிட்டது. அந்த நையாண்டியையே சான்றாகக் காட்டுகிறவர்களிடம் என்ன பேசுவது?

பெயர் கிடைத்தால்தான் என்ன ஆகிவிடும் என்பதற்கும் விடை உள்ளது. 1999இலேயே இக்கதையைத் தழுவி ஒரு நாவல் அதிகாரபூர்வமாக வெளிவந்தது. அதில் நாயகனுக்குத் ‘தேய்ன்’ என்று பெயர் வைத்தார்கள். அப்பெயரால் யாருடைய தாகமும் அடங்கவில்லை. தேடல் அதற்குப் பிறகும் தொடர்ந்தது. தேடியது பெயரை அன்று, தேடும் சுகத்தையே என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?

பெயர் சுட்டாமை என்பது வெறும் மறைப்பு அன்று என்பது நமக்குப் புதிய செய்தியும் இல்லை. அகத்திணையில் தலைமக்களின் இயற்பெயரைச் சுட்டலாகாது என்பது தொல்காப்பிய மரபு. நெடுநல்வாடையில் பிரிவும் பாசறையும் அகப்பாட்டின் சாயலிலேயே செல்கின்றன. ஆனால் தலைவனின் பெயர்கூட வரவில்லை, வேலில் சூட்டிய வேம்பு என்னும் பாண்டியர் அடையாளம் வந்துவிட்டது. அந்த ஒன்றுக்காகவே நச்சினார்க்கினியர் பாட்டைப் புறத்தில் சேர்த்தார். அவர் முடிவை ஏற்பதும் மறுப்பதும் வேறு வழக்கு. ஓர் அடையாளம் ஏறியதும் படைப்பின் இனமே மாறிவிடும் என்பதை நம் உரைமரபு அறிந்திருந்தது என்பதே இங்குக் கொள்ளத்தக்கது. பெயரற்றவனுக்குப் பெயர் வந்துவிட்டால் அவன் கதை எவனோ ஒரு பிரபுவின், எவனோ ஒரு தளபதியின் வரலாறாகிவிடும். இப்போதோ அது குற்றம் செய்த எவருடைய கதையும் ஆகும்.

இனி முதன்மையான குற்றச்சாட்டுக்கு வருகிறோம். முதற்குற்றம் என்னவென்று இவ்வளவு துருவுகிறார்களே, நாயகன் செய்ததாக ஆட்டம் வெளிப்படையாகவே காட்டும் குற்றங்கள் எத்தனை? டியோனாரா என்றொரு பெண். அவனுடைய பிறவிகளில் ஒருவனான காரியவாதி, அவளைக் காதலிப்பதாக நடித்து அழைத்துச்சென்று சாகவிட்டான். அவளுடைய ஆவி அந்த இடத்திலேயே கட்டுண்டு தனக்குப் பயன்பட வேண்டும் என்பது அவன் கணக்கு. அவள் இறந்த பின்னும் அவனைக் காதலித்துக்கொண்டே இருக்கிறாள். அடுத்து டக்கோன். நம்பிக்கை சிதைந்து சாகக்கிடந்தவனைக் காப்பாற்றி, உன் சாவு வரை உனக்குப் பணிவேன் என்று அவனைச் சத்தியம் செய்யவைத்தான் அதே காரியவாதி. எசமானனுக்குச் சாவே இல்லை என்பது சத்தியம் செய்தவனுக்குத் தெரியாது. முடிவில்லாத அடிமைத்தனம் இரண்டே சொற்களில் எழுதி வாங்கப்பட்டது. பிறகு இக்னஸ் என்ற சீடன். வித்தை கற்பிக்கிறேன் என்று தீயால் வதைக்கப்பட்டு, கடைசியில் எரிந்துகொண்டே உயிர்வாழும் பந்தமானவன். எவரையும் நம்பாத இன்னொரு பிறவி, தனக்கு ஓர் அரிய மொழியைக் கற்றுத்தந்த அறிஞரையே கொன்றது. அம்மொழியில் தான் எழுதும் குறிப்புகளை வேறெவரும் படித்துவிடக் கூடாதாம்.

இவர்களுக்குப் பெயர் உண்டு, முகம் உண்டு, குரல் உண்டு. டியோனாராவின் ஏக்கத்தைப் பதிந்துவைத்த உணர்கல் ஒன்றை நாயகன் தொடும்போது, அவளுடைய காதலும் அதை உள்ளூர எள்ளிய அவனுடைய வஞ்சமும் ஒருசேர அவனுக்குள் இறங்குகின்றன. அந்த ஆட்டத்தில் அதைவிடக் கொடிய இடம் இல்லை என்போம். குற்றம் இன்னதென்று தெரிய வேண்டும் என்று தவிப்பவர்களுக்கு அங்கேயே தெரிந்துவிட்டது. ஆயினும் ஊகக்காரர் அதைத் துப்பறியும் பாதையில் ஒரு தடயமாக மட்டும் குறித்துக்கொண்டு நகர்கிறார். எட்டாத தூரத்தில், எவரும் சாட்சி சொல்ல முடியாத ஆதிகாலத்தில் ஒரு மாபெருங்குற்றம் இருந்தாக வேண்டும் அவருக்கு. அது உலகையே உலுக்கியதாக இருக்க வேண்டும். அப்போதுதான் நாயகன் பெரியவன் ஆவான். ஒரு பெண்ணை ஏமாற்றிக் கொன்றதும், ஓர் ஆசிரியரைக் கொன்றதும் அவர்களுக்குப் போதிய அளவு பெரிதாகத் தோன்றவில்லை. குற்றத்தின் பிரம்மாண்டத்தால் குற்றவாளியை அலங்கரிக்கும் இந்தப் பழக்கத்தை நாயகவழிபாடு என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தையும் மறைக்காமல் வைக்கிறோம். மூலவினை தெரியாமல் விளைவை எப்படி எடைபோடுவது? சிலப்பதிகாரம் கோவலனின் முற்பிறவிக் குற்றத்தைச் சொல்லவில்லையா? சொல்கிறது. முற்பிறவியில் பரதன் என்ற பெயரோடு சங்கமன் என்னும் வணிகனை ஒற்றன் என்று காட்டிக்கொடுத்துக் கொல்வித்ததையும், அவன் மனைவி நீலி இட்ட சாபத்தையும் மதுராபதித் தெய்வம் கண்ணகிக்கு உரைக்கிறது. ஆனால் எப்போது உரைக்கிறது? பாண்டியன் தன் பிழையைத் தானே உணர்ந்து அரியணையில் வீழ்ந்து இறந்த பிறகு. மதுரை எரியுண்ட பிறகு. கண்முன் நிகழ்ந்த அநீதிக்குக் கண்முன்னேயே கணக்குத் தீர்த்துவிட்டுத்தான் முன்வினைக்கு வருகிறார் இளங்கோ. சங்கமனைக் காட்டிப் பாண்டியனை விடுவித்திருந்தால் நமக்குக் காப்பியம் இருந்திராது, சோதிடம்தான் இருந்திருக்கும். நம் ஊகக்காரர்கள் அந்த வரிசையையே தலைகீழாக்குகிறார்கள். முதல்வினையைக் கண்டுபிடிக்கும் வரை மற்ற வினைகள் காத்திருக்கட்டும் என்கிறார்கள்.

ஊகம் செய்வதும் ஒருவகை அன்புதானே என்று கேட்கும் நண்பர்களுக்கும் எங்கள் பதில் இதுவே. அன்பு என்பதை மறுக்கவில்லை. ஆனால் ரேவல் நாயகனிடம் கேட்ட கேள்வியை அவர்கள் நினைவுகூரட்டும். மனிதனின் இயல்பை மாற்றவல்லது எது என்பது அவள் வினா. அதற்குச் சரியான விடை என்று ஒன்று முன்கூட்டி வைக்கப்படவில்லை. விடை அவனுடையதாக இருந்தாலே அவளுக்குப் போதும். ஆடுபவர் தன் உள்ளத்தைத் துழாவித்தான் அங்கே விடை தர வேண்டும். இப்படிக் கேட்கும் ஒரு படைப்பிடம் போய், ஒளித்துவைத்த விடைத்தாளை எடு என்று அடம்பிடிப்பது கேள்வியின் முன் நிற்க அஞ்சுகிறவர்களின் தந்திரம். மேலும், பெயரை அறிந்துகொண்ட நாயகன் என்ன ஆகிறான்? தன் சாகும் தன்மையோடு மீண்டும் ஒன்றாகி, குருதிப்போர்க் களத்தில் இறங்கிப் பரிகாரத்தைத் தொடங்குகிறான். பெயர் அவனுக்கு விடுதலைச் சீட்டாகவில்லை. செலுத்த வேண்டிய கடன் அப்படியே நிற்கிறது.

கடைசியாக ஒன்று. அவன் சாகும் ஒவ்வொரு முறையும், அவனுக்குப் பதிலாகப் பல்லுலகில் எங்கோ ஒருவர் சாகிறார். அவன் செத்து எழுந்ததற்கு விலையாக உயிர்விட்ட அம்மனிதர்களே நிழல்களாகத் திரண்டு அவனைத் துரத்துகிறார்கள். தாம் ஏன் செத்தோம் என்பதுகூட அவர்களுக்குத் தெரியாமல் போயிருக்கும். ஆடுபவர் அலட்சியமாக நாயகனைச் சாகவிட்டு, எழுந்து, மறுபடி நடந்த ஒவ்வொரு முறையும் அக்கூட்டத்தில் ஒருவர் கூடியிருக்கிறார். அதாவது, நாமும் சேர்த்திருக்கிறோம். அவர்களில் ஒருவருக்கும் ஆட்டம் பெயர் தரவில்லை. அவர் யார், எந்த ஊரில் என்ன வேலையின் நடுவே சரிந்து விழுந்தார், வீட்டில் யார் காத்திருந்தார்கள் என்று ஒரு ரசிகரும் ஊகம் எழுதி நாங்கள் பார்த்ததில்லை. பெயரற்றவன் என்று ஒருவனையே ஒருமையில் அழைத்துப் பழகியதால் வந்த வினை இது. ஊகம் செய்தே தீர வேண்டும் என்ற ஆவல் உள்ளவர்கள், அந்த நிழல்களில் ஒன்றுக்கு ஒரு வாழ்க்கையை எழுதிக் காட்டட்டும். அதைப் படிக்க நாங்கள் காத்திருக்கிறோம்.