ஏடும் இசைத்தட்டும்

தமிழ் படிப்பிக்கும் ஒருவன், அமெரிக்கச் சிறுவர்க்கென வெளிவந்த மாயக்கதைப் புத்தகங்களையும் அவற்றோடு இணைந்த இசைத்தட்டுக்களையும் இணையத்தின் வழியே தேடி, பிறர் பாவித்துக் கழித்தவற்றை விலை கொடுத்து வாங்குவது என்ன பொருத்தம் என நண்பர் சிலர் வினவுகின்றனர். பூதமும் பறவைநாகமும் பண்டிதர்க்கு ஆகா என்பது அவர் கருத்துப் போலும். வேதாளம் சொன்ன கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் இவ்வாறு கேட்பது வியப்பே. அது நிற்க.

யான் இங்கே சொல்லப் புகுந்தது, இந்நூல்களை விற்போரும் சேர்ப்போரும் அவற்றுக்கு இழைக்கும் தீங்கு பற்றியாகும். புத்தகத்தை ஒருவருக்கும் தட்டை மற்றொருவருக்கும் பிரித்து விற்கின்றனர். புத்தகம் ஒன்று, தட்டு ஒன்று என்று இவற்றை எண்ணுவதே பிழை. இரண்டுங் கூடியதே ஒரு நூல்.

இவற்றின் வரலாறு இதனை விளக்கும். 1917இல் நியூயோர்க்கின் ஹாப்பர் பதிப்பகத்தாரும் கொலம்பியா கிராபபோன் கம்பனியாரும் கூடி ‘பபிள் புக்’ என்னும் வரிசையைத் தொடங்கினர். 5½ அங்குல விட்டமுடைய மூன்று சிறு தட்டுக்கள் புத்தகத்தின் தாள்களிடையே உறைகளில் இருந்தன. 1946இல் கப்பிற்றல் கம்பனிக்காக அலன் லிவிங்ஸ்ரன் ஆக்கிய ‘போசோ’ என்னும் கோமாளியின் கதை ஒருபடி மேற்சென்றது. கோமாளி தன் ஊதுகுழலை ஒலிக்குந்தோறும் கேட்கும் பிள்ளை தாளைப் புரட்டவேண்டும். பின்னர் 1965 முதல் டிஸ்னிலாண்ட் இசைத்தட்டு நிறுவனத்தார், 24 பக்கப் புத்தகமும் நிமிடத்துக்கு 33⅓ முறை சுழலும் 7 அங்குலத் தட்டுமாக ஒரு வரிசையை வெளியிட்டனர். அங்கே ஊதுகுழலின் இடத்தைப் பிடித்தது டிங்கர் பெல் என்னும் சிறு தேவதையின் மணியோசை.

அம்மணியோசையை எளிதாக எண்ணற்க. கதை சொல்லும் குரல் பெரும்பாலும் அச்சிலுள்ள சொல்லையே சொல்லிச் செல்கின்றது. எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளை விரலை வரியின்மேல் வைத்துக்கொண்டு அக்குரலின் பின்னே போகின்றது. நடுவிலே வழி தவறுவதும் உண்டு. தவறினால் என்ன? மணி ஒலிக்கும், தாள் புரளும், அடுத்த பக்கத்தின் முதற்சொல்லிலே கண்ணும் காதும் மறுபடி ஒன்று கூடும். பின்தங்கிய பிள்ளையை வைது நிறுத்தாமல், அடுத்த பக்கத்தில் வந்து சேர்ந்துகொள் என்று அழைக்கும் உபாத்தியாயர் எங்கள் வகுப்பறைகளில் எத்தனை பேர்? பாடம் வாசிக்கும்போது மூன்றாம் வரியில் விட்ட மாணவன் பாடம் முடியும்வரை விட்டவனாகவே இருப்பதை யான் ஆண்டுதோறும் காண்கின்றேன்.

யாழ்ப்பாணத்துக் கோயில்களிலே கந்தபுராண படனம் நடக்கும்போது ஒருவர் செய்யுளை வாசிக்க மற்றொருவர் பயன் சொல்லுவர். அவையிலுள்ளோர் பலர் காதினாலேயே கொள்வர். ஏடு வாசிப்பவர் முன்னே இருக்கும். நான் சொல்லும் இந்நூல்களிலோ ஏடு கேட்பவன் மடியிலே இருக்கின்றது. அந்த வேறுபாடுதான் என்னை இவற்றின்பால் ஈர்த்தது.

கதைகளைச் சிதைத்துவிட்டனர் என்று ஒரு குற்றச்சாட்டு உண்டு. அது பொய்யன்று. டொல்கீன் 1937இல் வெளியிட்ட ‘ஹொபிற்’ 19 அதிகாரங்கள் கொண்ட கதை. 1977இல் அது அமெரிக்கத் தொலைக்காட்சிக்குச் சித்திரப்படமாக்கப்பட்டபோது, அதனையொட்டி மேற்சொன்ன வரிசையிலும் ஒரு புத்தகமும் தட்டும் வெளிவந்தன. 7 அங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஆறேழு நிமிடமே கொள்ளும். ஆகவே குள்ளரின் நெடும்பயணம் முழுவதும் கால்மணி நேரத்துக்குள் முடிந்தாக வேண்டும். நன்னூலார் சுருங்கச் சொல்லலை அழகென்றும் குன்றக் கூறலைக் குற்றமென்றும் வகுத்தார். கதை என்று நோக்கின் இது குன்றக் கூறலே. ஆயினும் வாசிக்கப் பழகும் பிள்ளைக்குக் கால்மணி நேரக் கதை ஒரு நாளில் மூன்று முறை கேட்கத்தக்கது. அவ்வாறு கேட்டுக் கேட்டு மனனமானபின், தனக்குத் தெரிந்த சொல்லையே தாளில் அடையாளங் காண்கின்றது பிள்ளை. நெடுங்கதையால் இது இயலாது.

இனி, விற்பனைக்கு வருவோம். அழகிய படங்களுடைய புத்தகம் ஒன்றை வாங்கினேன், தட்டு வரவில்லை. கேட்டபோது, படங்கள் பழுதின்றி உள்ளனவே என்று விற்றவர் மறுமொழி எழுதினார். இன்னுஞ் சிலர், உறை பிரிக்கப்படாத படிக்கே பெருவிலை கொடுக்கின்றனர். ஒரு குழந்தையும் தொடாத குழந்தை நூலுக்கு அத்துணை மதிப்பு! கிறுக்கல் உள்ளது, தட்டு தேய்ந்தது என்று அவர்கள் தள்ளுவதையே யான் விரும்பி வாங்குகின்றேன். அவற்றுள் ஒன்றில் ஏழாம் பக்கம்வரை ஒவ்வொரு சொல்லின் கீழும் பென்சிற் கோடு உண்டு. எட்டாம் பக்கத்திலிருந்து கோடு இல்லை. அப்பிள்ளை சலித்து நிறுத்தியதோ, கோடு வேண்டாத நிலையை அடைந்ததோ, யாரறிவார்? வாசிப்புக் கற்பித்தலை ஆராய்வோர்க்கு உறை பிரியாத நூறு படிகள் இந்த ஒரு படிக்கு ஈடாகமாட்டா.

தட்டிலுள்ள ஒலியை மட்டும் பெயர்த்து இணையத்தில் இடுவோர் நற்பணியே செய்கின்றனர். ஆயினும் அங்கே மணி ஒலிக்கின்றது. புரட்டுவதற்குத் தாள் இல்லை. ஒலியோடு பக்கங்களின் படங்களையும் சேர்த்து இடுவார்களாயின் பாதிக் குறை தீரும்.

வாங்க எண்ணும் ஆசிரியர்க்கு ஒன்று சொல்வேன். பணம் அனுப்புமுன், தட்டு அப்புத்தகத்துக்கு உரியதுதானா என்று கேட்டு, இரண்டையும் ஒருங்கே வைத்து எடுத்த படத்தைப் பெற்றுக்கொள்க. 1948இல் தொடங்கிய ‘லிற்றில் கோல்டன்’ வரிசையின் மஞ்சள்நிற 6 அங்குலத் தட்டுக்கள் போன்ற 78 சுற்றுத் தட்டுக்களுக்கு அகன்ற முனையுடைய ஊசி வேண்டும். பிற்காலத்து மெல்லிய வரித் தட்டுக்களைப் பழைய பெட்டிக் கிராமபோனில் இடவே கூடாது. அதன் கனத்த ஊசி ஒரே ஓட்டத்தில் வரிகளை உழுதுவிடும்.