பொருளாதாரப் பட்டமும் ஊர்க் கணக்கும்

ஒரு பல்கலைக்கழகத்தின் இளங்கலைப் பொருளாதாரப் படிப்பை மதிப்பிட வரும் குழுவினர், ஆசிரியர்களில் முனைவர் பட்டம் பெற்றவர் எத்தனை பேர், தேர்ச்சி விகிதம் என்ன, படித்து வெளியேறியவர்களில் உத்தியோகம் பெற்றவர் எத்தனை பேர் என்று வரிசையாகக் கேட்டுக் குறித்துக்கொள்கிறார்கள். இவை யாவும் அவசியமான விவரங்களே. ஆயினும், மூன்றாண்டுக் காலம் அந்தச் சாஸ்திரத்தைப் பயின்ற மாணவர் தம் ஊரின் பொருளாதார வாழ்வைத் தாமே விசாரித்தறிந்து எடுத்துச் சொல்லும் சக்தியைப் பெற்றிருக்கிறாரா என்னும் பிரதானமான கேள்வி இடம்பெறாத வரையில், அம்மதிப்பீடு பூர்த்தியாகாது என்பதே நமது திடமான அபிப்பிராயம்.

இதற்கு வழிகாட்டி நம்மிடமே உண்டு. 1915-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், பாடத்தை வகுப்பறையோடு நிறுத்திவிடாமல், மறு ஆண்டே மாணவர்களை அவரவர் கிராமத்துக்கு அனுப்பி, நிலம், சாகுபடி, கூலி, கடன் ஆகியவற்றை விசாரித்து எழுதிவரச் செய்தார். இருவேல்பட்டு, வடமலைபுரம், கங்கைகொண்டான், பாலக்குறிச்சி, தூசி முதலிய ஊர்களைப் பற்றிய அவ்வறிக்கைகள் 1918-இல் நூலாயின, 1930-களில் பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் அவ்வூர்களை மீண்டும் ஆராய்ந்தனர். இருவேல்பட்டைத் தேடி 2008-இலும் ஆராய்ச்சியாளர்கள் சென்றார்கள். விடுமுறைக்கு வீடு சென்ற மாணவர்கள் எடுத்த கணக்கு, ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆராய்ச்சிக்கு அஸ்திவாரமாயிற்று.

இன்றோ, நிறைவுப் போட்டியின் இயல்புகளை நோட்ஸிலிருந்து மனப்பாடம் செய்து பக்கம் பக்கமாக எழுதி முதல் வகுப்பில் தேறும் மாணவரிடம், காலையில் தண்டல்காரரிடம் 900 ரூபாய் வாங்கி மாலையில் 1,000 ரூபாயாகத் திருப்பிக் கொடுக்கும் காய்கறிக்கார அம்மாள், நாளொன்றுக்கு நூற்றுக்குப் பதினொன்றுக்கு மேல் வட்டி கட்டியும் வங்கிப் படி ஏறாதிருப்பதன் காரணம் யாது என்று கேட்டால், அவர் விடையின்றி நிற்கிறார். குற்றம் அவருடையதன்று, அந்த அம்மாளிடம் போய் உட்கார்ந்து கேட்கும்படி அவரை யாரும் அனுப்பவில்லை. சித்தாந்தம் வேண்டாம் என்பதன்று நம் வாதம். கடன் சந்தையைப் பற்றிய சித்தாந்தத்தைக் கற்றவரே அந்த அம்மாளிடம் கேட்க வேண்டிய கேள்விகளை அறிவார், கேட்டுத் திரும்பியவரே அச்சித்தாந்தத்தின் பலத்தையும் குறையையும் உணர்வார்.

ஆகவே, பாடத்திட்டத்தில் ஒரு பருவம் முழுவதும் கள ஆய்வுக்கு ஒதுக்கப்பட வேண்டும். புள்ளியியல் பாடம் மாணவர்கள் தாமே திரட்டிய விவரங்களைக் கொண்டு நடத்தப்பட வேண்டும். அவ்வறிக்கைகள் கல்லூரி நூலகத்தில் பாதுகாக்கப்பட்டு, பத்தாண்டுகளுக்கு ஒருமுறை அதே ஊர்கள் மறுபடி ஆராயப்பட வேண்டும். மதிப்பீட்டுக்கு வருவோர் அவ்வறிக்கைகளில் சிலவற்றையேனும் வாசித்து, எழுதிய மாணவர்களோடு உரையாடிய பின்னரே தம் தீர்ப்பை வழங்குவார்களாக. அந்த ஒரு நியதி ஏற்பட்டுவிடுமாயின், பொருளாதாரத்தைப் போதிக்கும் முறையும் தானே மாறும் என்று நாம் பூரணமாக நம்புகிறோம்.