உத்தரவாதம் முடிந்த பின்



ஆண்டு மலருக்குக் கட்டுரை எழுத முன்வந்தபோது, ‘நேரத்தின் அருமை’, ‘சிக்கனமே சிறப்பு’ போன்ற தலைப்புகளை எங்கள் தமிழம்மா எடுத்துக் கூறினார்கள். நல்ல தலைப்புகள்தாம். ஆயினும் இரண்டு ஆண்டுகளாக எங்கள் நேரத்தையும் எங்கள் தாய்மாரின் சிக்கனத்தையும் ஒருசேர விழுங்கி வருகின்ற பொருள் ஒன்று உண்டு. அதை விட்டுவிட்டு வேறெதையும் எழுத மனம் ஒப்பவில்லை. அது ஒரு மடிக்கணினி.

நாங்கள் மூவர். கல்வராயன் மலைமேல் கரியாலூரிலிருந்து இறங்கிவந்து விடுதியில் தங்கிப் பன்னிரண்டாம் வகுப்பில் பயில்கிறோம். மூவருக்கும் சேர்த்து ஒரே கணினி. எங்களில் ஒருத்தியின் அக்காவுக்கு 2019ஆம் ஆண்டில் அரசு விலையின்றி வழங்கியது அது. 2011 செப்டம்பர் 15 அன்று, அறிஞர் அண்ணாவின் பிறந்த நாளில் தொடங்கப்பெற்ற அத்திட்டத்தின்கீழ், அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் பயின்ற 50 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் மடிக்கணினி பெற்றனர். மலைக் கிராமத்துக் கூரை வீட்டிலும் ஒரு கணினி நுழைந்தது என்றால் அத்திட்டத்தினால்தான். இதை நன்றியோடு சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்கிறோம். ‘இனாமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா’ என்று சிலர் கேட்பார்கள். பார்க்கக் கூடாதுதான். ஆனால் அந்த மாட்டுக்கு வைத்தியம் பார்த்த செலவு எங்களுடையதன்றோ!

அக்கா பட்டப்படிப்பை முடித்து 2022இல் வேலைக்குச் சென்றாள். போகும்போது தங்கைக்கு ஆகட்டும் என்று கணினியைத் துணியில் சுற்றித் தகரப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிச் சாவியை அம்மாவிடம் கொடுத்தாள். இரண்டு ஆண்டுகள் யாரும் தொடவில்லை. 2024 ஜூனில் நாங்கள் பதினோராம் வகுப்பில் சேர்ந்தபோது பெட்டியைத் திறந்தோம். புதுக் கருக்குக் குலையாமல் இருந்தது. உயிர்தான் இல்லை. பத்திரமாகப் பூட்டிவைத்ததே அதன் நோய் என்பது பிறகுதான் தெரிந்தது. லித்தியம் பேட்டரி சும்மா இருந்தாலும் சிறிது சிறிதாகத் தன் மின்னை இழந்துகொண்டே இருக்குமாம். ஓர் அளவுக்குக் கீழே இறங்கிவிட்டால் பிறகு எவ்வளவு ஏற்றினாலும் ஏறாது. பாதியளவு மின்னேற்றி வைத்து, சில மாதங்களுக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்திருந்தால் பிழைத்திருக்கும். நகையைப் போலப் பூட்டிவைக்க வேண்டிய பொருளன்று அது. கோழியைப் போல அவ்வப்போது தீனி போட வேண்டிய பொருள். இதனை யாராவது 2019இல் அக்காவிடம் ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்திருக்கலாம்.

முதற் செலவு, பேட்டரி ரூ. 1,400. நான்கு மாதம் கழித்துச் சார்ஜர் செருகும் துளை ஆடத் தொடங்கிற்று. வயரை ஒரு கோணத்தில் வளைத்துப் புத்தகத்தால் அழுத்திப் பிடித்தால்தான் மின்சாரம் ஏறும். ஒருத்தி அழுத்திப் பிடிக்க, மற்றவள் தட்டச்சு செய்ய, மூன்றாமவள் ‘அசையாதடி’ என்று அதட்ட, இப்படியே ஒரு பருவம் கழிந்தது. பின் ரூ. 450 கொடுத்துப் புதிய துளையைப் பற்றவைத்தோம்.

மூன்றாவது பழுதுதான் எங்களை அழ வைத்தது. பொங்கல் விடுமுறைக்கு ஊருக்குப் போகும் அவசரத்தில் கணினியை நிறுத்தாமல் மூடிப் பைக்குள் வைத்துவிட்டோம். மூடினால் தூங்கிவிடும் என்ற எண்ணம். அது சரியாகத் தூங்கவில்லை போலும். கச்சிராயபாளையம் தாண்டி வெள்ளிமலைச் சாலை ஏறத் தொடங்கினால் பேருந்து எப்படிக் குலுங்கும் என்பதை அவ்வழியே போனவர்கள் அறிவார்கள். பழைய ஹார்டு டிஸ்க்கினுள்ளே ஒரு தட்டு நிமிடத்துக்கு 5,400 முறை சுழல்கிறது. அதனைப் படிக்கின்ற முனை, தலைமயிரின் கனத்தைவிடப் பன்மடங்கு குறைந்த இடைவெளியில் தட்டின்மேல் மிதக்கிறது. ஓடும்போது ஓர் அதிர்ச்சி பட்டால் முனை தட்டிலே உரசிவிடும். வீட்டுக்குப் போய்த் திறந்தபோது ‘டிக், டிக்’ என்ற ஓசை மட்டும் வந்தது.

அதனுள்ளே அக்காவின் சான்றிதழ்களின் பிரதிகள் இருந்தன. அவற்றை மறுபடி வாங்கிக்கொள்ளலாம். எங்கள் ஆயாவின் படமும் இருந்தது. சாமைக்கொல்லையில் வெயிலுக்குக் கையை மறைத்துக்கொண்டு சிரிக்கும் படம். ஆயா 2021இல் காலமாகிவிட்டார்கள். வேறு படம் எங்கள் வீட்டில் இல்லை. சென்னைக்கு அனுப்பினால் மீட்க முயலலாம், எட்டாயிரம் ஆகலாம், வரும் என்பதற்கு உறுதி இல்லை என்றார்கள். அப்பா சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “புதுசாவே போட்டுடுங்க, பழச மட்டும் எங்ககிட்டயே குடுத்துடுங்க” என்றார். ரூ. 1,900க்குச் சுழலும் தட்டே இல்லாத எஸ்.எஸ்.டி. ஒன்றைப் பொருத்தினோம். பழைய டிஸ்க் அதே தகரப் பெட்டியில் துணி சுற்றி இருக்கிறது.

நான்காவதாக, சென்ற ஆண்டு மழைக்காலத்தில் மின்சாரம் போவதும் வருவதுமாக இருந்த ஓர் இரவில், கணினி அடியோடு அணைந்தது. நிறுவனத்தின் சர்வீஸ் சென்டர் ஒன்றுக்கு எடுத்துச் சென்றோம். (எந்த நிறுவனம் என்பது இங்கே முக்கியமன்று.) உத்தரவாதம் முடிந்துவிட்டதால் பரிசோதிக்கவே ரூ. 590. மூன்று வாரம் கழித்து, மதர்போர்டு போய்விட்டது, புதியது ரூ. 11,000 என்று சொல்லித் திருப்பித் தந்தார்கள். பிறகு கடைத்தெருவில் ஒரு சிறு கடையில் காட்டினோம். கடைக்கார அண்ணன் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, “போர்டு நல்லாத்தாம்மா இருக்குது, சார்ஜிங் ஐ.சி. ஒண்ணுதான் போயிருக்குது” என்று ரூ. 1,800க்குச் சரிசெய்து கொடுத்தார். பதினோராயிரம் எங்கே, ஆயிரத்து எண்ணூறு எங்கே! பெரிய இடத்தில் பலகையை மாற்றத்தான் ஏற்பாடு. பலகையிலுள்ள சிறு உறுப்பை மாற்ற ஏற்பாடு இல்லை. அங்கிருந்தவரும் பொய் சொல்லவில்லை. அவருக்கு அனுமதித்த வைத்தியம் அவ்வளவுதான்.

சிறு கடையைப் புகழ்ந்துவிட்டு நிறுத்தினால் நியாயமாகாது. முதலில் வேறொரு சிறு கடையில் வாங்கிய பேட்டரிதான் மறு ஆண்டே உப்பிக் கொண்டு விரல் தடவும் பலகையை மேலே தூக்கிற்று. உப்பிய பேட்டரி தீப்பிடிக்கக் கூடியது. குத்தவோ அழுத்தவோ கூடாது, மின்னேற்றவும் கூடாது. வார்டன் சிஸ்டர் அதனைக் கண்டவுடன் நாங்கள் தூங்கும் அறையிலிருந்து அகற்றச் சொன்னது மிகச் சரி. ‘ஆறு மாத கேரண்டி’ என்று அந்தக் கடையில் வாயால் சொல்லியிருந்தார்கள். பில் கேட்க எங்களுக்குக் கூச்சம். கேட்காத பில்லை யாரும் தரவுமில்லை. மறுபடி ரூ. 2,300. ஆக மொத்தம் ரூ. 8,440, பேருந்துச் செலவு நீங்கலாக. எங்கள் வீடுகளில் அது மரவள்ளிக்கிழங்கு விற்ற பணம்.

இத்தனைக்கும் யார் பொறுப்பு? எங்கள் பங்கும் உண்டு. மெத்தைமேல் வைத்துப் பார்த்தால் காற்றுத் துளைகள் அடைபடும் என்று தெரிந்த பிறகும் வைத்தோம். படிப்பதற்காகத்தான் என்று சொன்னால் விடுதியில் யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் எங்கள் வகுப்பில் விசாரித்தபோது அக்காள், அண்ணன் வழியாக வந்த கணினிகள் பல வீடுகளில் இதே வரிசையில் படுத்திருக்கக் கண்டோம். ஒவ்வொருவரும் ‘எங்கள் கைராசி’ என்று நினைத்துக்கொண்டு மௌனமாக இருந்திருக்கிறார்கள். இந்த மௌனம் நல்லதன்று என்பதே எங்கள் கட்சி.

உலகில் இரு நிகழ்ச்சிகளை எடுத்துக்கொள்வோம். 2008 ஜூலையில், மடிக்கணினிகளுக்குள் வைத்த தன் சில்லுகளில் சில வழக்கத்துக்கு மீறிப் பழுதாவதை என்விடியா நிறுவனம் ஒப்புக்கொண்டு, அதற்கென 15 கோடி முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்கிற்று. 2018 ஜூனில் ஆப்பிள் நிறுவனம், தன் சில மடிக்கணினிகளின் விசைப்பலகையை, வாங்கிய நாளிலிருந்து நான்கு ஆண்டுவரை கட்டணமின்றிச் சரிசெய்வதாக அறிவித்தது. உத்தரவாதச் சீட்டில் ஓராண்டு என்றுதான் இருந்தது. சீட்டு பெரிதா, பழுது பெரிதா என்ற கேள்வி எழுந்தது, ஒரே விதமான புகார்கள் ஓரிடத்தில் குவிந்ததனால். மலையில் ஒரு புகார், சமவெளியில் ஒரு புகார் என்று சிதறிக் கிடந்தால் அது வெறும் கைராசியாகவே போய்விடும்.

சட்டம் நம் பக்கம் அறவே இல்லை என்று எண்ண வேண்டா. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பில் தர மறுப்பதே முறையற்ற வணிகச் செயல். இனாமாகப் பெற்ற கணினிக்கு ‘நுகர்வோர்’ என்று உரிமை கோருவதில் வாதம் எழலாம். பழுதுபார்க்கக் கூலி கொடுத்தவர், சேவையை விலைக்குப் பெற்றவர். அதில் ஐயமில்லை. குறை நேர்ந்த இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம். 5 லட்ச ரூபாய்க்கு உட்பட்டதற்குக் கட்டணமும் இல்லை. 1915 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் பேசினாலே புகாரைப் பதிந்துகொள்வார்கள். இவற்றைக் குடிமையியல் பாடத்தில் படித்துத் தேர்வில் எழுதியும் இருக்கிறோம். கடையில் நிற்கும்போது மட்டும் நினைவுக்கு வரவில்லை!

‘பழுதுபார்க்கும் உரிமை’ என்ற பேச்சு நம் நாட்டிலும் எழுந்துள்ளது. 2022 ஜூலையில் மத்திய அரசு அதற்கென ஒரு குழுவை அமைத்தது. பிரான்சு நாட்டில் 2021 ஜனவரி முதல், கடையில் விற்கும் மடிக்கணினியின் பக்கத்திலேயே, இதனைப் பழுதுபார்ப்பது எவ்வளவு எளிது என்று பத்துக்கு இத்தனை மதிப்பெண் என எழுதி வைக்க வேண்டும். நமக்கெல்லாம் மதிப்பெண் போடுகிறார்கள். கணினிக்கும் போட்டால் என்ன? ஐரோப்பிய ஒன்றியம், 2026 ஏப்ரல் 28 முதல் மடிக்கணினிகளுக்கும் பொதுவான ஒரே வகைச் சார்ஜர் துளை என விதித்துள்ளது.

எங்கள் விடுதியில் ஒரு தையல் மிஷின் இருக்கிறது. வயதில் எங்கள் தாய்மாரைவிட மூத்தது. பெல்ட் அறுந்தால் கடைத்தெருவில் பெல்ட் கிடைக்கும். பாபின் தொலைந்தால் பாபின் கிடைக்கும். எந்தக் கம்பெனி என்று யாரும் கேட்பதில்லை. கணினியிலும் ஹார்டு டிஸ்க்கும் நினைவகமும் இப்படித்தான் பொது அளவில் உள்ளன. அதனால்தான் எங்கள் மூன்றாவது பழுது மலிவாகத் தீர்ந்தது. பேட்டரி, கீல், விசைப்பலகை, சார்ஜர் முனை ஆகியவை மாடலுக்கு ஒன்றாக இருப்பதே தொல்லை. ஒரு தனி மனிதர் ஒரு கணினி வாங்கும்போது நிறுவனத்திடம் நிபந்தனை பேச முடியாது. லட்சக்கணக்கில் வாங்கும் அரசாங்கம் பேசலாம். 2025 மார்ச்சு 14 அன்று வைத்த நிதிநிலை அறிக்கையில் கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்குக் கைக்கணினியோ மடிக்கணினியோ தருவதாகத் தமிழக அரசு அறிவித்து, 2026 ஜனவரியில் வழங்கவும் தொடங்கியிருக்கிறது. அவையும் ஒரு நாள் உத்தரவாதம் கடந்து எங்கள் தங்கைமாரின் கைக்கு வரும். அதற்குள் உதிரிப் பாகங்கள் கள்ளக்குறிச்சியிலாவது கிடைக்க வழிசெய்ய வேண்டும். மதர்போர்டை மாற்றாமல் சில்லை மாற்றத் தெரிந்த ஒருவர் வெள்ளிமலையில் மாதம் ஒருநாள் உட்கார ஏற்பாடு செய்ய வேண்டும். பேரூந்தேறிப் போய்வருவதற்கே ஒரு நாள் கூலியை இழக்கும் பெற்றோருக்கு இது சிறு உதவியன்று.

திருத்தந்தை பிரான்சிசு அவர்கள் 2015இல் வெளியிட்ட ‘லவுதாத்தோ சி’ சுற்றுமடலைப் பற்றி மறைக்கல்வி வகுப்பில் கேட்டபோது, தூக்கியெறியும் கலாச்சாரம் என்றால் பணக்கார நாட்டு விஷயம் என்று நினைத்தோம். எங்களைப் போன்றோர் எதையும் தூக்கி எறிவதில்லை. சாக்கில் கட்டிப் பரணில் போட்டுவிடுகிறோம். வித்தியாசம் அவ்வளவுதான்.

ஒரு சில பெற்றோர்க்கு எங்கள் அடுத்த விருப்பம் பிடிக்காது. சனிக்கிழமை கைத்தொழில் நேரத்தில் எங்களுக்கு ஸ்குரூ டிரைவர் பிடிக்கக் கற்றுக்கொடுக்கலாம். பின்பலகையைக் கழற்றித் தூசு துடைப்பது, பேட்டரி மாற்றுவது, நினைவகத்தை எடுத்துப் பொருத்துவது, இவை பூ வேலைப்பாட்டைவிடக் கடினமல்ல. பெண்பிள்ளைக்கு இது எதற்கு என்று எங்களில் ஒருத்தியின் மாமா கேட்டார். அவர் வீட்டுத் தையல் மிஷினுக்கு எண்ணெய் விடுவது யார் என்று திருப்பிக் கேட்க ஆசைதான். மாமா ஆயிற்றே என்று விட்டுவிட்டோம்.

இன்னும் எவ்வளவு செலவு செய்வது என்பதில் எங்கள் மூவருக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. பழைய கணினி ஒன்று ரூ. 13,000க்குக் கிடைக்கும், இதனை விட்டுத் தொலைப்போம் என்கிறாள் ஒருத்தி. மே மாதத்தில் கல்லூரி விண்ணப்பங்கள் தொடங்கும். கடைசி நாளன்று இது படுத்துவிட்டால் அவள் சொன்னதே சரியாகிவிடும். ஆகவே சான்றிதழ்களையெல்லாம் இரண்டு பென்டிரைவில் பிரதியெடுத்து, ஒன்றை வார்டன் சிஸ்டரின் மேசை அறையில் வைத்திருக்கிறோம். இப்போது கீல் விரிந்து வருகிறது. வருகிற சனிக்கிழமை கடைத்தெருவுக்குப் போக அனுமதி கேட்டிருக்கிறோம். கையெழுத்திட்ட சிஸ்டர் அனுமதிச் சீட்டின் அடியில் சிவப்பு மையினால், ‘பில் வாங்கி வரவும்’ என்று எழுதியிருக்கிறார்கள்.