"எனக்கென்ன பைத்தியமா?"

புருஷன்-பெண்டாட்டி தகராறா? நேராக மகளிர் போலீஸ் நிலையம். அடுத்து கோர்ட்டு. மனநல ஆலோசகரிடம் போகச் சொன்னால் மட்டும், "எனக்கென்ன பைத்தியமா?" என்று கோபம் பொத்துக்கொண்டு வருகிறது!

முதலில் சமரசத்துக்கு முயற்சி செய் என்றுதான் 1984-ம் ஆண்டு குடும்ப கோர்ட்டு சட்டமே சொல்கிறது. அதற்காகவே ஆலோசகர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தீர்ப்பு சொல்வதில்லை. ஒருவர் பேசும்போது மற்றவரை வாயை மூடிக் கேட்க வைக்கிறார்கள். வீட்டில் நடக்காதது அதுதானே! ஆனால் கோர்ட்டு வரை வந்தபிறகு, பேச என்ன மிச்சம் இருக்கும்?

அடி, உதை என்றால் கதை வேறு. அந்தப் பெண்ணுக்கு 2005-ம் ஆண்டு பாதுகாப்பு சட்டம் இருக்கிறது. சமாதானம் பேசி திருப்பி அனுப்பக்கூடாது.

மற்றவர்களுக்கு 14416. மத்திய அரசு 2022-ல் தொடங்கிய போன் ஆலோசனை. காசு கிடையாது. நடுராத்திரியிலும் தமிழில் பேசலாம். போலீஸ் நிலைய வாசலிலேயே இந்த நம்பரை கொட்டை எழுத்தில் எழுதி வைத்தால் என்ன?