தரவு வகையும் ஒரு தராசுதான்

மாறி என்பது பெயர் ஒட்டிய பெட்டி என்றே வகுப்பில் முதலில் கற்கிறோம். அதற்குள் வைக்கும் நிறைவெண், தசம எண், சரம், பூலியன் ஆகிய தரவு வகைகளைப் பரீட்சைக்காக மனனம் செய்துவிட்டுக் கடந்து போகிறோம். ஆனால் எந்த வகையைத் தெரிவு செய்கிறோம் என்பதில் நீதியும் அடங்கியிருக்கிறது என்பதே எனது கருத்து.

பூண்டுலோயாத் தோட்டமொன்றில் ஒருவர் பறித்த கொழுந்து 18.7 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பைதன் மொழியில் அதை நிறைவெண்ணாக மாற்றினால் 18 மட்டுமே எஞ்சும். நாளுக்கு 0.7 கிலோ இப்படிப் போனால் 25 நாட்களில் 17.5 கிலோ போய்விடும். கணினி எந்தப் பிழையும் காட்டாது. வேலைக்கு வந்ததைப் பூலியனாகப் பதிந்தால் ‘ஆம்’, ‘இல்லை’ இரண்டுதான் உண்டு. அரைப்பேருக்கு அங்கே இடமில்லை.

எண்ணாகத் தெரிவதெல்லாம் எண்ணுமல்ல. தொலைபேசி இலக்கத்தை நிறைவெண்ணாகச் சேமித்தால் முன்னாலுள்ள பூச்சியம் மறைந்துவிடும். பழைய தேசிய அடையாள அட்டை இலக்கத்தின் முடிவில் ஓர் ஆங்கில எழுத்தே இருக்கிறது. இவற்றை நாம் கூட்டுவதுமில்லை, பெருக்குவதுமில்லை. ஆகவே இவை சரமாகவே இருக்க வேண்டும்.

மாறியொன்றை உருவாக்குமுன், கொழுந்து பறிப்பவரிடமும் கணக்கு எழுதுபவரிடமும் கேட்டறிவோம்: இதில் பின்னம் வருமா? இதைக் கூட்டுவோமா? அரை என்றொரு நிலை உண்டா?

அளவிலும் நிறுவையிலும் குறைவு செய்வோரை அல்குர்ஆனின் 83ஆவது அத்தியாயம் கடுமையாக எச்சரிக்கிறது. தராசின் கணக்கைக் கணினி வைத்திருக்கும் காலத்தில், அந்த எச்சரிக்கை நிரல் எழுதும் எமக்கும் உரியதே.