சாண்டியாகோ உலகக் கோப்பையும் நம் ஊர்ப் பெண் பிள்ளைகளும்

2025 நவம்பர் 28 முதல் டிசம்பர் 10 வரை சென்னையிலும் மதுரையிலும் ஜூனியர் ஆண்கள் ஹாக்கி உலகக் கோப்பை நடந்தது. இந்திய அணி வெண்கலம் வென்றது. தமிழ்நாடே அதைப் பேசியது. ஏறக்குறைய அதே நாட்களில், டிசம்பர் 1 முதல் 13 வரை, தென் அமெரிக்காவின் சிலி நாட்டுத் தலைநகர் சாண்டியாகோவில் ஜூனியர் மகளிர் உலகக் கோப்பையும் நடந்தது. அதில் நம் நாட்டுப் பெண் பிள்ளைகள் எந்த இடம் பெற்றார்கள் என்று கேட்டால் நம்மில் பலருக்குத் தெரியாது.

இந்தியா பத்தாவது இடம் பெற்றது.

21 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான இந்தப் போட்டியில் முதல் முறையாக 24 நாடுகள் ஆடின. முதல் ஆட்டத்தில் நமீபியாவை இந்தியா 13-0 என்று வென்றது. ஹீனா பானு, கனிகா சிவாச் இருவரும் தலா மூன்று கோல் அடித்தார்கள். அடுத்து ஜெர்மனியிடம் 1-3 என்று தோல்வி. அயர்லாந்தை 4-0 என்று வென்றும் காலிறுதிக்குள் நுழைய முடியவில்லை. நெதர்லாந்து, இறுதி ஆட்டத்தில் அர்ஜென்டினாவை வென்று தொடர்ந்து மூன்றாவது முறையாகக் கோப்பையை எடுத்துச் சென்றது.

ஆசியாவில் முதலிடம், உலகில் பின்னடைவு

இதை ஒரு தோல்விச் செய்தியாகப் படித்துவிட்டுக் கடந்துவிடக் கூடாது. ஆசிய அளவில் இதே ஜூனியர் மகளிர் அணிதான் சாம்பியன். 2023-ல் ஜப்பானில் தென் கொரியாவை 2-1 என்று வீழ்த்தி ஜூனியர் ஆசியக் கோப்பையை முதல் முறையாக வென்றது. 2024 டிசம்பரில் ஓமன் தலைநகர் மஸ்கட்டில் சீனாவை ஷூட் அவுட்டில் வென்று கோப்பையைத் தக்கவைத்தது. உலகக் கோப்பையில் மட்டும் 2013-ல் வெண்கலம், 2022-ல் நான்காம் இடம், 2023-ல் ஒன்பதாம் இடம், 2025-ல் பத்தாம் இடம் என்று இறங்கி வருகிறது.

ஏன்? நெதர்லாந்தில் சிற்றூர்களிலும் ஹாக்கி கிளப் உண்டு. செயற்கைப் புல் மைதானம் உண்டு. ஆரம்பப் பள்ளி வயதிலேயே பெண் குழந்தைகள் மட்டையோடு மைதானத்துக்கு வந்துவிடுகிறார்கள். பல்லாயிரம் பேரிலிருந்து 18 பேரைத் தேர்ந்தெடுக்கிறது அந்த நாடு. நம் நாட்டிலோ ஹரியானாவின் ஷாஹாபாத், ஜார்க்கண்டின் சிம்டேகா, ஒடிசாவின் சுந்தர்கர், மிசோரம் என்று விரல் விட்டு எண்ணக்கூடிய பகுதிகளையே மகளிர் ஹாக்கி பெரிதும் நம்பியிருக்கிறது. சாண்டியாகோ சென்ற அணியில் தமிழ்நாட்டுப் பெண் ஒருவரும் இல்லை. உலகக் கோப்பையை நடத்தும் அளவுக்கு மைதானமும் நிர்வாகமும் உள்ள மாநிலத்தின் நிலை இது.

ஷாஹாபாத் பெருநகரம் இல்லை. டெல்லி - சண்டிகர் நெடுஞ்சாலையோரம் உள்ள ஒரு சிற்றூர். சென்னை - திருச்சி சாலையில் நம் திண்டிவனம் எப்படியோ அப்படி. பல்தேவ் சிங் என்ற பயிற்சியாளர் அங்கே ஆண்டுக்கணக்கில் பெண் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தார். வண்டி இழுத்துப் பிழைத்த ஒருவரின் மகளான ராணி ராம்பால் அங்கிருந்துதான் வந்தார். 2013 ஜூனியர் உலகக் கோப்பையில் சிறந்த வீராங்கனை விருது பெற்றார். பிறகு இந்திய அணிக்கே கேப்டன் ஆனார். ஓர் ஊரில் ஒரு மைதானமும் நம்பகமான ஒரு பயிற்சியாளரும் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதுவே சாட்சி.

காய்கறி வண்டியிலிருந்து உலக மேடைக்கு

நம் சமுதாயப் பெற்றோர் அவசியம் அறிய வேண்டிய பெயர் மும்தாஜ் கான். லக்னோவில் தள்ளுவண்டியில் காய்கறி விற்கும் குடும்பத்துப் பெண். சிறு வயதில் ஓட்டப் பந்தயத்தில் அவருடைய வேகத்தைப் பார்த்து ஹாக்கிக்கு அழைத்து வந்தவர் நீலம் சித்திக்கி என்ற பெண் பயிற்சியாளர். தென் ஆப்பிரிக்காவில் நடந்த 2022 ஜூனியர் உலகக் கோப்பையில் மும்தாஜ் எட்டு கோல் அடித்தார். தென் கொரியாவுக்கு எதிரான காலிறுதி நடந்த நேரத்தில் அவருடைய தாயார் காய்கறி வண்டியில் வியாபாரத்தில் இருந்தார். தந்தை பள்ளிவாசலில் இருந்தார். சகோதரிகள் ஒரு கைபேசியைச் சுற்றி அமர்ந்து ஆட்டத்தைப் பார்த்தார்கள். அந்த ஆண்டே சர்வதேச ஹாக்கி கூட்டமைப்பு, உலகின் சிறந்த வளரும் வீராங்கனை விருதை அவருக்கு அளித்தது. 2024 மஸ்கட் போட்டியிலும் அவர் ஆடினார்.

மார்க்கம் தடுக்கிறதே என்று சிலர் கேட்கலாம். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு நபி (ஸல்) அவர்கள் ஓட்டப் பந்தயம் வைத்த செய்தியை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். உடற்பயிற்சி கூடாது என்று யாரும் சொல்வதில்லை. உடை, பாதுகாப்பு, பழகும் சூழல் ஆகியவற்றில்தான் கேள்வி. மலேசிய வீராங்கனைகள் பலர் தலையை மூடி, கை கால் மறைக்கும் உடையோடு சர்வதேசப் போட்டிகளில் ஆடுகிறார்கள். ஆகவே உடைக்கு வழி இருக்கிறது. பாதுகாப்பும் சூழலும்தான் நம் ஊரில் தீர்க்க வேண்டியவை.

மாலை ஆறு மணிக் கணக்கு

திண்டிவனத்தில் எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். மாவட்ட விளையாட்டு அரங்கம் விழுப்புரத்தில் இருக்கிறது. தூரம் சுமார் 40 கிலோமீட்டர். நாலேகாலுக்குப் பள்ளி விட்டு, பஸ் பிடித்துப் போய்ச் சேர ஐந்தரை ஆகிவிடும். டிசம்பர் மாதத்தில் ஆறு மணிக்கு முன்பே இருட்டி மக்ரிப் பாங்கு சொல்லிவிடுவார்கள். பயிற்சி முடித்து வீடு திரும்ப எட்டு மணி. எந்தத் தாய் சம்மதிப்பார்? சம்மதிக்காத தாயைப் பழமைவாதி என்று சொல்வது நியாயம் ஆகாது. அவர் போட்ட கணக்கு சரியானது. பயிற்சி வெகுதூரத்தில் இருப்பதுதான் தவறு.

பிள்ளைகள் விளையாட்டை விடுவது பெரும்பாலும் இந்த 12, 13 வயதில்தான். 21 வயதில் உலகக் கோப்பை ஆட வேண்டியவரை நாம் 13 வயதில் இழந்துவிடுகிறோம். எல்லாச் சமுதாயத்துப் பெண் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். நம் வீடுகளில் சற்றுக் கூடுதலாகப் பொருந்தும்.

தீர்வு எட்டாத தூரத்தில் இல்லை. ஹாக்கி கற்க முதல் நாளே செயற்கைப் புல் வேண்டியதில்லை. கோவில்பட்டியில் மண் தரையில் மட்டை பிடித்தவர்கள் இந்தியாவுக்கு ஆடியிருக்கிறார்கள். பள்ளி வளாகத்திலேயே, பள்ளி விட்டதும் ஒரு மணி நேரம், பெண் பயிற்சியாளர் ஒருவர், பூட்டுப் போட்ட கழிப்பறை, உடை மாற்ற ஓர் அறை. கேட்க வேண்டியது இவ்வளவுதான்.

எங்கே கேட்பது? அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதில் பெற்றோரே பெரும்பான்மை, தலைவரும் பெற்றோர்தான். அங்கே தீர்மானம் நிறைவேற்றி, அதன் நகலை விழுப்புரத்தில் உள்ள மாவட்ட விளையாட்டு அலுவலரிடம் கொடுக்கலாம். நகராட்சி உறுப்பினர், சட்டமன்ற உறுப்பினர் ஆகியோரிடம் எத்தனையோ கோரிக்கைகளை எடுத்துச் செல்லும் நம் ஜமாஅத் நிர்வாகிகள், இதையும் ஒரு கோரிக்கையாகச் சேர்க்கலாம். நம் சமுதாயத்தினர் நடத்தும் பள்ளிகள் மாலையில் தங்கள் மைதானத்தை ஒரு மணி நேரம் கூடுதலாகத் திறந்து வைக்கலாம்.

படிப்பு கெட்டுவிடும் என்ற கவலைக்கும் பதில் உண்டு. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகள் 7, 8, 9, 11 ஆகிய வகுப்புகளில் மாணவ மாணவியரைத் தேர்வு செய்து, தங்குமிடம், உணவு, படிப்பு, பயிற்சி நான்கையும் தருகின்றன. முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் பள்ளி, கல்லூரி இரு பிரிவுகளிலும் ஹாக்கி உண்டு. பொறியியல் கலந்தாய்வில் 500 இடங்கள் விளையாட்டு வீரர்களுக்கு. அரசுப் பணிகளில் 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. நம் பிள்ளைகள் இவற்றில் எத்தனை பேர் விண்ணப்பிக்கிறார்கள் என்று ஒவ்வொரு மஹல்லாவும் தன்னைக் கேட்டுக்கொள்ளட்டும்.

விளையாடும் பெண்கள் எல்லோரும் மும்தாஜ் ஆகிவிட மாட்டார்கள். பெரும்பாலோர் மாவட்ட அளவில் ஆடிவிட்டு நிறுத்திவிடுவார்கள். அதனால் நஷ்டம் ஏதுமில்லை. உடல் உறுதியும், தோல்வியைத் தாங்கும் மனமும், தோழியரோடு சேர்ந்து இயங்கும் பழக்கமும் அவர்களோடு இருக்கும். விடுதிச் சேர்க்கைக்கான தேர்வு கோடை விடுமுறையையொட்டி நடப்பது வழக்கம். அதற்குள் உங்கள் பிள்ளையின் பள்ளியில் அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டம் என்றைக்கு என்று விசாரித்து வையுங்கள்.