ஏழு கிலோ நியாயம்

கோவில்பட்டிக்கும் விளாத்திகுளத்துக்கும் இடையே ஓடுகிற பஸ்ஸில் ஒரு தவில்காரர் ஏறினால் கண்டக்டர் என்ன செய்வார்? லக்கேஜ் டிக்கெட் கிழித்தாலும் கிழிப்பார். அது அவர் கடமை. ஆனால் தவிலைக் கொண்டுபோய் வெங்காய மூட்டைமேல் போடு என்று சொல்லமாட்டார். சொன்னால் பஸ்ஸில் இருக்கிற கிழவிகளே அவரைச் சும்மா விடமாட்டார்கள். காருகுறிச்சி அருணாசலம் குடியிருந்த ஊர் அல்லவா? மூட்டைக்கும் வாத்தியத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அங்கே யாருக்கும் படித்துச் சொல்ல வேண்டியதில்லை.

கரிசல்காட்டுப் பஸ் கண்டக்டருக்குத் தெரிந்த இந்த வித்தியாசம் நம் நாட்டு ஆகாய விமானக் கம்பெனிகளுக்குத் தெரியவில்லை என்பதுதான் என் வழக்கு. இங்கே வாத்தியம் என்று நான் சொல்வது காமிராவை.

இதென்ன பணக்காரர் பிரச்னை என்று வாசகர் புத்தகத்தை மூடிவிட வேண்டாம். கழுகுமலை வெட்டுவான் கோயிலையும் வல்லநாட்டு வெளிமான்களையும் படமெடுக்க வருகிறவர்களை விட்டுவிடுவோம். அவர்களில் பலருக்கு அது பொழுதுபோக்கு. நான் நினைப்பது கல்யாணப் போட்டோக்காரரை. மானாவாரி நிலத்தில் மழையை நம்ப முடியாமல், தகப்பனார் நிலத்தை விற்றோ நகையை அடகு வைத்தோ வாங்கிக் கொடுத்த காமிராவை வைத்துப் பிழைக்கிறவர். ஒரு காலத்தில் அவருடைய உலகம் சாத்தூருக்கும் எட்டயபுரத்துக்கும் நடுவே முடிந்தது. பிறகு ராத்திரி ரயிலில் பையைத் தலைக்கு வைத்துப் படுத்துக்கொண்டு சென்னை போனார். இப்போது நம் ஊர்ப் பிள்ளைகள் பெங்களூரிலும் சிங்கப்பூரிலும் கல்யாணம் செய்துகொள்கிறார்கள். ஒரு முகூர்த்தத்துக்கும் அடுத்த முகூர்த்தத்துக்கும் நடுவே இருப்பது ஒரே ராத்திரி. ஆகவே அவரும் வாகைக்குளத்திலோ மதுரையிலோ விமானம் ஏறுகிறார்.

அவர் பையைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். காமிரா இரண்டு, ஒன்று பழுதானால் தாலி கட்டும் நேரத்தைத் திருப்பிக் கட்டச் சொல்ல முடியாது, ஆகையால் இரண்டும் வேண்டும். ஒவ்வொன்றும் முக்கால் கிலோவிலிருந்து ஒரு கிலோ. பந்தலின் கடைசியிலிருந்து மணமேடையை இழுத்துக் காட்டுகிற நீள லென்ஸ் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. குட்டை லென்ஸ்கள் இரண்டு, பளிச்சென்று மின்னுகிற விளக்குகள் இரண்டு, பாட்டரிகள். இவற்றைத் தாங்குகிற மெத்தை வைத்த பை ஒன்றே இரண்டு கிலோ. கூட்டிப் பாருங்கள், ஏழைத் தாண்டிவிடும். கல்யாணத்துக்கு இதில் ஆடம்பரம் எதுவும் இல்லை. ஆனால் சாதாரண வகுப்புப் பிரயாணி கையில் கொண்டுபோகலாம் என்று இங்கே விதித்திருப்பது ஏழு கிலோ.

அப்படியானால் அடிவயிற்றில், சாமான் அறையில் போடலாமே? போடலாம். ஆனால் அதே கம்பெனிகள் தங்கள் நிபந்தனைகளில் என்ன எழுதியிருக்கின்றன? உடையக்கூடியதையும் விலை உயர்ந்ததையும் சாமான் அறையில் போடாதீர்கள், போட்டால் நாங்கள் பொறுப்பல்ல என்கின்றன. அரசாங்கம் 2019-ல் வெளியிட்ட பிரயாணிகள் சாசனத்தில் உள்நாட்டுப் பிரயாணத்தில் சாமான் போனாலோ உடைந்தாலோ கிடைக்கக்கூடிய நஷ்டஈட்டின் உச்சவரம்பு 20,000 ரூபாய். அந்த நீள லென்ஸ் ஒன்றுக்கே ஒரு லட்சத்துக்கு மேல். கீழே வைக்காதே என்கிறார்கள். மேலே கொண்டுவராதே என்கிறார்கள். பிறகு எங்கேதான் வைப்பது? இறக்கையிலா?

பாட்டரி சங்கதி இன்னும் வேடிக்கை. கோவில்பட்டி தீப்பெட்டிக்குப் பேர்போன ஊர். நெருப்பைப் பற்றி நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம். லித்தியம் பாட்டரி தீப்பிடித்தால் லேசில் அணையாது. ஆட்கள் நடுவே பிடித்தால் யாராவது பார்த்து அணைக்கலாம். சாமான் அறையில் பிடித்தால் பார்க்க ஆளில்லை. ஆகவே உதிரிப் பாட்டரிகளைக் கையில்தான் கொண்டுவர வேண்டும் என்று உலகம் முழுவதும் விதி இருக்கிறது. நல்ல விதி. ஆனால் விமானத்தின் வாசலில், கடைசி நிமிஷத்தில், "பை பெரிசு, கீழே போகட்டும்" என்று பிடுங்கிச் சீட்டுக் கட்டுகிறார்களே, அப்போது உள்ளே இருக்கிற பாட்டரிகளை ஒவ்வொன்றாக எடுக்க அவகாசம் எங்கே? பின்னால் வரிசை முணுமுணுக்கிறது. அவசரத்தில் ஒன்றிரண்டு உள்ளேயே தங்கிவிட்டால்? பத்திரத்துக்காக ஏற்பட்ட ஒரு விதியை, எடைக்காக ஏற்பட்ட இன்னொரு விதி பத்திரமில்லாமல் ஆக்கிவிடுகிறது.

எடை, எடை என்கிறார்களே, அந்த எடையையும் விசாரித்துவிடலாம். அதே விமானத்தில் முன்வரிசையில் அதிகக் காசு கொடுத்து உட்காருகிறவர் சில கம்பெனிகளில் 10 கிலோ கொண்டுபோகலாம்; அதற்கும் மேலே கொடுப்பவர்களும் உண்டு. மூன்று கிலோவை முன்கூட்டியே விலைக்கு விற்கிற கம்பெனியும் இருக்கிறது. ஏழு கிலோவுக்கு மேல் ஆபத்து என்றால் காசு கொடுத்தவுடன் அந்த ஆபத்து எங்கே போயிற்று?

இந்த இடத்தில்தான் புத்திமதிக்காரர்கள் வந்து சேருகிறார்கள். பத்துப் பை வைத்த சட்டை போட்டுக்கொள், லென்ஸை அதிலே திணி, கோட்டு மாட்டிக்கொள், எடை போடுகிறவரைப் பார்த்துச் சிரி, பை லேசாக இருப்பதுபோல் ஒரு தோளில் அலட்சியமாகத் தொங்கவிடு. சித்திரை வெயிலில், வாகைக்குளத்துக் காற்றில், ஒரு மனிதன் கோட்டு மாட்டிக்கொண்டு, கால்சட்டைப் பைகளில் கண்ணாடிக் குழாய்கள் முட்டிக்கொண்டு நிற்க, பிழைப்புக்காகப் போகிறவனுக்குத் திருடனுக்குரிய நடை பழக்குகிறார்கள்! எனக்குக் கம்பெனிகள்மேல் வருகிற கோபத்தைவிட இந்தப் புத்திமதிக்காரர்கள்மேல் வருகிற கோபம் அதிகம். பையிலிருந்து சட்டைக்கு மாறிய லென்ஸ் ஒரு குன்றிமணி எடைகூடக் குறையவில்லை. விமானம் அதே பாரத்தைத்தான் சுமக்கிறது. எடை போட்டவருக்கும் அது தெரியும், நம்மவருக்கும் தெரியும். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு பொய் நாடகம் ஆடி முடித்த பிறகு, விதி மட்டும் அப்படியே இருக்கிறது, அடுத்தவனைப் பிடிக்க.

எதிர்க்கட்சிக்கும் நியாயம் இல்லாமல் இல்லை. தலைக்குமேல் உள்ள தட்டிலிருந்து பத்துக் கிலோப் பை நழுவி ஒரு குழந்தைமேல் விழுந்தால் என்ன ஆகும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. தூத்துக்குடிக்கு ஆண்டுக்கணக்கில் வந்து போனது விசிறி வைத்த ஏ.டி.ஆர். விமானம், அதன் தட்டுகள் குறுகலானவை. அங்கே பெரிய பை உண்மையிலேயே நுழையாது. ஊர்க் கல்யாணத்துக்குப் போகிறவர்போல் ஸ்டூடியோவையே பெயர்த்துக்கொண்டு கிளம்புகிற போட்டோக்காரர்களும் இருக்கிறார்கள். முக்காலி, விளக்குக் கம்பம், குடை இவையெல்லாம் இரும்பும் துணியும். கீழேதான் போக வேண்டும், அதற்குக் கூலியும் கட்டத்தான் வேண்டும். இதில் தர்க்கம் பண்ணுகிறவருக்காக நான் வாதாட வரவில்லை.

ஆனால் நுழையும் பைக்கு என்ன பதில்? காலடியில், முன் ஆசனத்தின் கீழே அடங்குகிற பை யார் தலையிலும் விழாது. அமெரிக்காவில் சங்கீதக்காரர்கள் இதே சண்டையைப் போட்டார்கள். 2008-ல் டேவ் கரோல் என்ற கனடா பாடகரின் கிதார் யுனைடெட் கம்பெனியின் விமானப் பிரயாணத்தில் உடைந்து, அடுத்த வருஷம் அவர் அதையே பாட்டாகப் பாடி உலகமெல்லாம் சிரிக்க வைத்தார். பத்திரமாக வைக்க இடமிருந்தால் வாத்தியத்தைக் கையோடு ஏற்றிக்கொள்ள வேண்டும் என்று 2012-ல் அங்கே சட்டமே வந்தது. அதற்கான விதிகள் 2015 ஜனவரியில் வெளியாயின. நம் நாட்டில்கூடக் கைப்பையோடு தனியாக எடுத்துவரலாம் என்று கம்பெனிகள் அச்சிட்டு வந்த பழைய பட்டியல் ஒன்று உண்டு: பெண்கள் கைப்பை, மேல்கோட்டு, கம்பளி, குடை, படிக்கப் புத்தகம், இவற்றோடு ஒரு காமிரா அல்லது தூரதிருஷ்டிக் கண்ணாடி. அந்தப் பட்டியலை எழுதிய குமாஸ்தா யாரோ, அவருக்கு என் நமஸ்காரம். காமிரா சாமான் அல்ல என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

கேட்பது அதிகமில்லை. தொழில்கருவிப் பை என்று ஒன்றை விதியிலேயே எழுதட்டும். அளவு ஆசனத்தின் கீழ் அடங்குவதாக இருக்கட்டும். எடை முன்வரிசைக்காரருக்கு உள்ள அதே 10 கிலோ. டிக்கெட் வாங்கும்போதே சொல்லி, வேண்டுமானால் ஒரு கட்டணமும் கட்டிவிடலாம். தவிலுக்கு டிக்கெட் எடுக்கிறவர்கள் நாம், காமிராவுக்கு எடுக்கமாட்டோமா? வாசலில் பிடுங்குகிற வழக்கம் இந்தப் பைக்குக் கூடாது. பிடுங்கியே ஆக வேண்டுமானால் பாட்டரிகளை எடுக்க ஐந்து நிமிஷமும் ரசீதும் கொடுக்கட்டும், ரசீதில் பொருளின் மதிப்பும் இருக்கட்டும்.

2025 ஜூலையில் தூத்துக்குடியில் புது முனையம் திறந்தார்கள். 1,350 மீட்டராக இருந்த ஓடுபாதையை 3,115 மீட்டராக நீட்டியிருக்கிறார்கள். பெரிய விமானம் இறங்கத் தக்க பாதை. பெரிய விமானத்தின் தட்டுகளும் பெரியவை. குறுகலான தட்டு என்ற பதிலை இனி எத்தனை நாளைக்குச் சொல்வார்கள் என்று கோவில்பட்டி, சாத்தூர், விளாத்திகுளம் போட்டோக்காரர்கள் ஒன்றுகூடிக் கையெழுத்துப் போட்டு, அடுத்த தை முகூர்த்தம் வருவதற்குள் எழுத்தில் கேட்க வேண்டும். கோட்டை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போய்க் கேட்கட்டும்.